அத்தையோடு ஒரு சினிமாப் பயணம்: சேலம் முதல் சிக்கல் வரை

வெள்ளி, சேலம்

ஏற்காடு போகும் வண்டிகள் எல்லாம் அந்த வளைவைத் தாண்டித்தான் போகின்றன. நிறுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெரிய ஸ்டுடியோவின் அடையாளமாகச் சாலையோரம் நிற்பது அந்த நுழைவு வளைவு மட்டும்தான். ஒரு காலத்தில் படப்பிடிப்புத் தளம், லேப், ஒலிப்பதிவுக் கூடம் என்று ஒரு படத்துக்கு வேண்டிய அத்தனையும் இந்த வளாகத்துக்குள்ளேயே இருந்தன. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்திருக்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) இவர்கள் எடுத்தது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ (1940) இவர்களுடையது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இவர்களுடையது. சென்னையை நம்பாமல் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இத்தனையும் செய்திருக்கிறார்கள்.

கூட வந்திருப்பது அத்தை, அப்பாவின் அக்கா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பழைய பாட்டு எதைக் கேட்டாலும் எந்தப் படம், யார் குரல் என்று யோசிக்காமல் சொல்வார். லீவு கிடைத்ததும், சினிமாவோடு சம்பந்தப்பட்ட ஊர்களைப் பார்த்துவிட்டு வரலாமா அத்தை என்று கேட்டேன். மறுநாளே பையைக் கட்டிவிட்டார்.

எங்கள் இருவருக்கும் ரசனை வேறு. அத்தைக்குப் பாட்டு வேண்டும், வசனம் வேண்டும், கடைசியில் நல்லவர்கள் சேர வேண்டும். நான் சினிமா நுணுக்கம் படித்தவன் இல்லை, டிக்கெட் எடுத்துப் பார்க்கிறவன். ஆனால் ஒரு படம் எனக்குப் பிடிக்க வேண்டுமென்றால், அதில் வருகிறவர்கள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். அந்த வேலையைப் படம் எடுத்தவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அது இருந்தால் கறுப்பு வெள்ளைப் படமும் பிடிக்கும், போன வருஷம் வந்த படமும் பிடிக்கும். இதை வண்டியில் சொன்னதும் அத்தை விடவில்லை. “ஏங்கண்ணு, அலிபாபாவுக்கு வேலை விறகு வெட்டறதுதானே? அப்பறம் என்ன?”

அலிபாபாவை அத்தை பார்த்தது சின்ன வயதில், சங்ககிரிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில். தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து மேலே ஏறி உட்கார்வார்களாம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குக்காரர் உள்ளே வருவார். அதுவரை கறுப்பு வெள்ளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பானுமதியின் பாவாடையில் நிறத்தைப் பார்த்ததும் கூட்டமே ‘ஆ’ என்றதாம். கதையை இன்று பார்த்தால் குழந்தைகளுக்கான கதைதான். ஆனால் அந்த ‘ஆ’வை வாங்கிக் கொடுத்த படத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

சாயங்காலம் ஏற்காட்டில் பள்ளத்தாக்கு ஓரம் நின்றபோது அத்தை ‘வாராய் நீ வாராய்’ என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். ‘மந்திரி குமாரி’ (1950), கருணாநிதி எழுதியது, குண்டலகேசிக் கதையிலிருந்து எடுத்தது. மனைவியைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறவன் பாடும் பாட்டு அது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. அவள் சாகும் முன் கணவனை மூன்று முறை சுற்றி வர அனுமதி கேட்கிறாள். மூன்றாவது சுற்றில் அவனைத் தள்ளிவிடுகிறாள். பாட்டைத் தனியாகக் கேட்டால் காதல் பாட்டு, படத்தில் பார்த்தால் முதுகு சில்லிடுகிறது. பாட்டைக் கதைக்குள் இப்படி வைக்கத் தெரிந்தவர்கள் 1950லேயே இருந்திருக்கிறார்கள். இன்று பல படங்களில் பாட்டு வரும்போது நான் போனைப் பார்க்கிறேன்.

சனி, கோபிசெட்டிபாளையம்

பவானி, கவுந்தப்பாடி வழியாக வந்தோம். கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரை மூட்டைகளைப் பார்த்ததும் அத்தை இறங்கி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வயல்தான். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் பூமி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கோடம்பாக்கம் ஏன் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் நெல், தென்னை, தண்ணீர்.

கொடிவேரியில் தண்ணீர் விழும் உயரம் பெரிதில்லை, அகலம்தான் அழகு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் வந்துவிட்டதால் நிம்மதியாக நனைய முடிந்தது. அத்தை படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டார். மீன் பொரிக்கும் வாசம் வந்துகொண்டே இருந்தது. மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி வைத்து, கேட்ட பிறகுதான் எண்ணெயில் போடுகிறார்கள்.

‘சின்னத்தம்பி’ (1991) இந்தப் பக்கத்தில் எடுத்ததுதான். அத்தைக்கு உயிர். எனக்கு அதில் பாட்டு மட்டும் பிடிக்கும். கிராமத்தில் பிறந்து வளர்ந்த ஆம்பிளைக்குத் தாலி என்றால் என்னவென்று தெரியாது என்பதை என்னால் கடைசிவரை நம்ப முடியவில்லை. கதை முழுக்க அந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது. தங்கை நடந்து போகும் வழியில் ஆண்கள் யாரும் தலைகாட்டக் கூடாது என்று மூன்று அண்ணன்கள் காவல் வைக்கிறார்கள், படமும் அதைக் கொஞ்சம் வியந்துதான் பார்க்கிறது. “மனோரமாவுக்காகப் பாக்கோணும் சாமி” என்றார் அத்தை. அதில் எனக்கு மறுப்பில்லை. மகனுக்காக அந்த அம்மா படும் பாட்டில் மனோரமா தெரியவே மாட்டார், அந்த அம்மாதான் தெரிவார்.

கோபிக்கு வந்தால் எனக்கு நினைவு வருவது பாக்யராஜ். பக்கத்து வெள்ளாங்கோயில்காரர். ‘முந்தானை முடிச்சு’ (1983) படத்தை முருங்கைக்காய்க்காகவே எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், அது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம். கைக்குழந்தையோடு ஊருக்கு வேலைக்கு வரும் வாத்தியார், பொடிப்பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஊரைக் கலக்கும் பெண், அவள் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்து அவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்வது, அதை அவர் மன்னிக்காமலே குடும்பம் நடத்துவது. பள்ளிக்கூடம், திண்ணை, பஞ்சாயத்து என்று கதை எங்கே போனாலும் ஊர் வாய் பேசிக்கொண்டே இருக்கிறது. ஊர்வசிக்கு அப்போது சின்ன வயது. அந்தப் பொய்ச் சத்தியத்தைச் செய்யும் முகத்தில் திருட்டுத்தனமும் பயமும் ஒன்றாகத் தெரியும். சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு சிக்கலான குடும்பத்தைச் சொன்னவர் பாக்யராஜ். அவர் அளவுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள் இன்று எத்தனை பேர்?

ஞாயிறு, பொள்ளாச்சி

இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். மழை, வெளியே அதிகம் போகவில்லை.

‘தேவர் மகன்’ (1992) எடுத்தது இந்தப் பக்கத்தில். கதை தென்மாவட்டத்துக்காரர்களுடையது, பச்சை கொங்குப் பச்சை. அது எனக்கு உறுத்தியதே இல்லை. சிவாஜியும் கமலும் எதிரெதிரே நின்று பேசும் அந்தக் காட்சி, அப்பா ஊரைப் பார்க்கச் சொல்கிறார், மகன் ஹோட்டல் தொழிலைப் பேசுகிறான். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அந்த ஒரு காட்சியைப் பார்த்தவன் எந்த ஊரில் எடுத்தார்கள் என்றா கேட்பான்? அதற்குப் பிறகு பொள்ளாச்சிக்கு வந்த படங்கள்தான் வீட்டையும் தோப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு போயின. பெரிய தூண் வைத்த வீடு, முன்னால் ஜீப், வெள்ளை வேட்டி. வீட்டுக்காரர் காலையில் எழுந்து என்ன செய்வார் என்று அந்தப் படங்களுக்குத் தெரியாது. தோப்பில் தேங்காய் போடுகிற ஆளை ஒரு படத்திலாவது உருப்படியாகக் காட்டியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்துக்கு எதுவும் வரவில்லை.

திங்கள், போடிநாயக்கனூர்

நேற்று மத்தியானமே கிளம்பி, பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, பெரியகுளம் என்று நீண்ட பயணம். தேனிக்குள் நுழையும்போது அல்லிநகரத்தைக் காட்டி, “பாரதிராஜா ஊர் அத்தை” என்றேன். இளையராஜாவின் பண்ணைப்புரமும் இந்த மாவட்டம்தான், வைரமுத்து வளர்ந்த வடுகப்பட்டியும் இந்தப் பக்கம்தான். ஒரே மலையின் அடிவாரத்திலிருந்து மூன்று பேர்.

‘16 வயதினிலே’ (1977) வந்தபோது அத்தைக்குக் கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். சேலத்தில் பார்த்தாராம். “மயிலு மாதிரி பொண்ணு எங்க தெருவுலயே இருந்தா கண்ணு. படிச்ச மாப்பிள்ளைதான் வேணும்னு நின்னா.” தமிழ் சினிமாவை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்துக்குக் கூட்டி வந்த படம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கிராமம் கர்நாடகத்தில் இருக்கிறது. மைசூர், கொள்ளேகால் பக்கம்தான் பெரும்பகுதியை எடுத்தார்கள். படத்தைப் பார்க்கிற யாருக்கும் அது தோன்றாது. குருவம்மாளின் வசவும், சப்பாணி கூலிக்காகக் கேட்கிற கேட்பும், பரட்டை உட்கார்ந்து வம்பளக்கிற இடமும் தேனியிலிருந்து போனவை. கேமரா எங்கே நின்றது என்பதைவிட, எடுத்தவருக்கு என்ன தெரியும் என்பதுதான் எனக்கு முக்கியம். இந்த ஒரு படத்தை வைத்து இதை யாரிடமும் வாதாடுவேன்.

போடியில் விடியற்காலை எழுந்து வெளியே வந்தால் ஊர் நமக்கு முன்னாலேயே எழுந்துவிட்டது. ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ஏறுகிறார்கள். போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஜீப் நிறைந்த பிறகும் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள்.

டீக்கடையில் அத்தைக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, ஜீப்புக்காகக் காத்திருந்தார். அத்தை பேச்சுக் கொடுத்தார். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, அடியில் தரையை ஒட்டிப் படரும் சரத்தில்தான் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டோ குனிந்தோதான் எடுக்க வேண்டும். சரத்தில் இருக்கும் காய் எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது, முற்றியதை மட்டும். பிஞ்சைக் கிள்ளினால் கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டும். அவர் விரலைக் காட்டினார். நகத்தோரம் கறுத்துப் போயிருந்தது, கழுவினாலும் போகாதாம். அத்தை அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

இந்த ஊருக்கு நான் வந்ததே ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) படத்துக்காக. லெனின் பாரதி இயக்கியது, விஜய் சேதுபதி தயாரித்தது, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. ரெங்கசாமி என்று ஒரு கூலி. மலைக்கு மேலே இருந்து கீழே, கீழே இருந்து மேலே சுமை தூக்குகிறவன். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. படத்தின் முதல் பகுதி முழுக்க அவன் நடக்கிறான். வழியில் இருப்பவர்கள் கூப்பிடுகிறார்கள், ஒரு வாய் டீ, ஒரு தகவல், யார் வீட்டுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்ற செய்தி. கதை எப்போது ஆரம்பிக்கும் என்று தியேட்டரில் பின்னால் இருந்தவர் கேட்டார். அந்த நடைதான் கதை என்று அவரிடம் திரும்பிச் சொல்லலாம் போல இருந்தது. சேர்த்து வைத்த காசையெல்லாம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு போகும்போது தியேட்டரே அமைதியாகிவிட்டது. கையிலிருந்து நழுவிய ஒரு மூட்டைக்கு இவ்வளவு பதறியது அந்தப் படத்தில்தான். அந்த மூட்டையைத் தூக்க அவன் எத்தனை முறை மலையேறியிருப்பான் என்று நாம் அதற்குள் பார்த்துவிட்டோம். கடைசியில் அவன் நிலம் கைவிட்டுப் போய், அதே இடத்தில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருப்பான். கேமரா மேலே மேலே போகும், அவன் சிறிதாகிக்கொண்டே போவான்.

இதே மலையில் குரங்கணிப் பக்கம் எடுத்த படம் ‘மைனா’ (2010). பார்க்க அவ்வளவு அழகு, அந்தப் படத்தால்தான் பல பேர் குரங்கணியைத் தேடி வந்தார்கள். பஸ் பள்ளத்தில் தொங்கும் காட்சியில் நானும் நகத்தைக் கடித்தேன். ஆனால் அதில் மலை என்பது ஓடுவதற்கும் ஒளிவதற்கும் ஓர் இடம். அங்கே வாழ்கிறவர்கள் எதை நட்டு எதை விற்கிறார்கள் என்று படம் கேட்பதில்லை. ‘மைனா’வைப் பார்த்தால் குரங்கணி போகத் தோன்றும். இன்னொன்றைப் பார்த்த பிறகு சமையலறையில் ஏலக்காய் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்த மூட்டை நினைவு வருகிறது.

இரவு அந்தப் படத்தைப் போடட்டுமா என்று கேட்டேன். “இன்னிக்கு வேண்டாம் கண்ணு. காலையில பாத்ததே போதும்” என்று படுத்துவிட்டார்.

செவ்வாய், மதுரை

உசிலம்பட்டி வழியாக வரும்போது ‘கருத்தம்மா’ (1994) பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். பெண் சிசுக்கொலையைப் பற்றிய பாரதிராஜா படம். அத்தை அதை ஒருமுறைதான் பார்த்தாராம், இன்னொரு முறை பார்க்க மாட்டேன் என்கிறார். படம் நன்றாக இருப்பதால்தான் பார்க்க மாட்டாராம். எனக்கு அது புரிகிறது.

மதுரையில் முதலில் போனது மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. தங்கம் தியேட்டர் இருந்த இடம். 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊர் பெருமைப்பட்ட இடம். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தார்கள். இப்போது ஜவுளிக்கடை. அத்தை உள்ளே போய் ஒரு சேலையும் எடுத்துக்கொண்டார். அவர் விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அண்ணாந்து பார்த்து, திரை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் சிவாஜியின் கோர்ட்டு வசனத்தைக் கேட்டு, ஒரே நேரத்தில் கைதட்டினால் எப்படி இருந்திருக்கும்! இன்று நாம் இருநூறு பேர் உட்காரும் அரங்கில், பாதி காலியாகப் பார்க்கிறோம்.

‘பராசக்தி’ என்றால் எல்லோரும் அந்தக் கோர்ட்டுக் காட்சியைத்தான் சொல்வார்கள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முழு வசனத்தையும் சொல்வார், ஒரு வார்த்தை பிசகாது. நான் அந்தப் படத்தில் பார்ப்பது கல்யாணியை. ரங்கூனில் அண்ணன்மார் மூன்று பேர், மதுரையில் இவள். யுத்தத்தால் இவள் கல்யாணத்துக்கு யாரும் வர முடியவில்லை. புருஷனும் அப்பாவும் போன பிறகு கைக்குழந்தையோடு இட்லிக் கடை போடுகிறாள். வாங்க வருகிறவனின் பார்வை வேறாக இருக்கிறது. தனியாக ஒரு பெண் அடுப்பை மூட்டிப் பிழைக்க முடியாத ஊர் என்று அந்த இட்லிக் கடையிலேயே படம் சொல்லிவிடுகிறது, வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் படத்தில் அப்படி நடித்த சிவாஜியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாடகத்தனம் என்று இப்போதுள்ள பிள்ளைகள் சொன்னால், இட்லிக் கடைக் காட்சியைத் தனியாகப் பார்க்கச் சொல்வேன்.

புதிய மதுரைக்கு ‘சுப்ரமணியபுரம்’ (2008). ஊருக்குள் நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது, ஆட்டோவில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். வேலை கிடைக்காத இளைஞர்களை ஓர் அரசியல் குடும்பம் பிடித்து வைத்துக் கொலைக்குப் பயன்படுத்தி, பிறகு கைகழுவும் கதை. 1980இன் பெல்பாட்டம், ஒலிபெருக்கி, ‘முரட்டுக்காளை’ ஓடும் தியேட்டர் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். என் அளவுகோலுக்கு அது நேர் எதிரான படம், இதில் யாருக்கும் வேலை இல்லை. ஆனால் வேலை இல்லாதவன் பொழுது எப்படிப் போகும், யார் வந்து கூப்பிட்டால் அவன் எழுந்து போவான் என்பதை இதைவிடச் சரியாக யாரும் காட்டவில்லை. இதைப் பார்த்துவிட்டு வந்த அரிவாள் படங்கள் தாடியையும் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டன, அந்த வெறும் பொழுதை விட்டுவிட்டன. மதுரைக்காரர்கள் எப்போதும் அரிவாளோடு திரிவதுபோல் காட்டியது அந்தப் படங்கள் செய்த பெரிய தப்பு. ஆட்டோ ஓட்டியவரும் அதையேதான் சொல்லி வருத்தப்பட்டார்.

புதன், தஞ்சாவூர்

டெல்டா முழுக்கச் சம்பா நட்டு முடித்து, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. நீடாமங்கலம் போய்ப் பார்த்துவிட்டு இரவு தஞ்சாவூருக்குத் திரும்பினோம். நீடாமங்கலத்தில் சுற்றுலாக்காரர் தேடிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு ரயில்வே கேட், கடைத்தெரு, கல்யாண மண்டபம். எனக்கு அது போதும். ‘மெய்யழகன்’ (2024) அங்கேதான் நடக்கிறது.

அறையில் அத்தையோடு உட்கார்ந்து லேப்டாப்பில் பார்த்தேன். புதுப்படம் என்றால் பாதியில் தூங்கிவிடுகிறவர், ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார். சொத்துத் தகராறில் 1996இல் வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன குடும்பம். 2018இல் தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்கு அரவிந்த் சாமி தயங்கித் தயங்கி வருகிறார். ‘அத்தான் அத்தான்’ என்று சுற்றி வரும் கார்த்தியின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. மேடையில் அந்தத் தங்கை, அண்ணன் கொண்டுவந்த நகையை அங்கேயே பிரித்துப் போட்டுக்கொண்டு அழும் இடத்தில் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தாத்தா சொத்தில் எங்கள் குடும்பத்திலும் பேச்சு வார்த்தை இல்லாமல் போன வருஷங்கள் உண்டு. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

படத்தில் எனக்குப் பிடித்தது அந்த சைக்கிள். ஊரைவிட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போன சைக்கிள், இன்னொரு வீட்டில் பிழைப்புக்கு வழியாகி, அந்தக் குடும்பத்தைத் தலைநிமிர வைத்திருக்கிறது. விட்டுப் போனவருக்கு அது தெரியவே தெரியாது. நடுராத்திரிப் பேச்சில் வரலாறும் போரும் வருகிற பகுதி நீளம்தான். வெளியான பிறகு 18 நிமிடம்போல வெட்டினார்கள். நான் முழுப் படத்தையும் தியேட்டரில் பார்த்தவன். நீளமாக இருந்தாலும் வெட்டியிருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஊருக்குப் போனால் பேச்சு அப்படித்தான் நீளும், சொந்தக்காரர் பேச்சை யாரும் பாதியில் நிறுத்துவதில்லை.

“சண்டை இல்ல, வில்லன் இல்ல, எப்படி கண்ணு படம் ஓடுச்சு?” என்று கேட்டார் அத்தை. கேட்ட குரலில் சந்தோஷம்தான் இருந்தது.

வியாழன், சிக்கல்

திருவாரூரில் இறங்கித் தியாகராஜரைத் தரிசித்துவிட்டு, நாகப்பட்டினம் சாலையில் சிக்கல் வந்து சேர்ந்தோம். சிங்காரவேலர் கோயில். கந்தசஷ்டியில் சூரசம்ஹாரத்துக்கு முன்னால் அம்மனிடம் வேல் வாங்கும்போது முருகன் விக்கிரகத்தில் வியர்வை அரும்பும் என்று பக்தர்கள் நம்பும் தலம். அத்தைக்கு அந்த வியர்வை, எனக்கு சிவாஜி நடித்த நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. ஏ.பி. நாகராஜன் எடுத்தது. பெரும்பகுதி செட். டெல்டாவின் ஒரு வயலைக்கூட அதில் உருப்படியாகப் பார்க்க முடியாது. ஆனாலும் தஞ்சை மண்ணைப் பற்றி எந்தப் படம் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஒரு நாதஸ்வரக் கோஷ்டி எப்படிப் பிழைக்கிறது என்பது இந்தப் படத்துக்குத் தெரியும். அட்வான்ஸ் யார் கொடுக்கிறார்கள், யார் கையில் வாங்க வேண்டும், ரயிலில் வாத்தியத்தை எங்கே வைப்பது, தலைவர் கோபித்துக்கொண்டால் பக்கவாத்தியக்காரர்கள் சம்பளத்துக்கு என்ன செய்வார்கள் என்பது வரை. பாலையாவின் தவில்காரர் முத்துராக்கு அந்தக் கவலையையெல்லாம் முகத்திலேயே வைத்துக்கொண்டு அலைவார். நாதஸ்வரத்தை வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சிவாஜியின் கன்னமும் கழுத்தும் அந்த மூச்சோடு சேர்ந்தே போகும். அத்தை இந்தப் படத்தை ‘நலந்தானா’ பாட்டுக்காகப் பார்க்கிறார், நான் பாலையாவுக்காகப் பார்க்கிறேன். இந்த ஒரு படத்தில்தான் எங்களுக்குள் சண்டையே இல்லை.

சாயரட்சை பூஜைக்கு நாதஸ்வரமும் தவிலும் இருந்தது. பல கோயில்களில் மின்சார மேளம் வந்து காதைக் கிழிக்கிறது, இங்கே ஆள் வாசித்தார்கள். தூணோரம் உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தேன். தவில்காரர் ஒவ்வொரு விரலிலும் வெள்ளைக் கூட்டை மாட்டி, தரையில் தட்டிச் சரிபார்த்துக்கொண்டார். நாதஸ்வரக்காரர் சீவாளியை, வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்ன நாணல் துண்டை, எடுத்து உதட்டில் ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, திருப்தி இல்லாமல், வாத்தியத்தில் நூலில் தொங்கிய இன்னொரு சீவாளியை மாட்டினார். மறுபடி ஊதினார். மறுபடி முதல் சீவாளிக்கே வந்தார். படத்தில் சிவாஜி இதைச் செய்யும்போது ஸ்டைல் என்று நினைத்திருந்தவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். அது வேலை.

வாசித்து முடித்ததும் அத்தை நேராகப் போய் அவரிடம் தில்லானாவைப் பற்றிக் கேட்டுவிட்டார். அவர் சிரித்தார். “எங்க அப்பா எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போயி காட்டின படம்ங்க அது.” வாணவேடிக்கைச் சத்தத்தில் வாசிக்க மாட்டேன் என்று சண்முகசுந்தரம் நாதஸ்வரத்தை இறக்குகிற காட்சியை நான் சொன்னேன். அவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. “அந்தக் காட்சியைப் பாத்தா எங்களுக்கு ஆசையா இருக்கும் சார். இப்ப கல்யாணத்துல நாங்க ஒரு பக்கம் வாசிச்சிட்டே இருப்போம், இன்னொரு பக்கம் டிஜே ஸ்பீக்கரைப் போட்ருவாங்க. நிறுத்தினா அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. அதனால நிறுத்தறதில்ல.”

தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார். நாளை காலை திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்யாணமாம், நாலு மணிக்கே கிளம்ப வேண்டும்.

நாகப்பட்டினம் லாட்ஜுக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தை அதையே பேசிக்கொண்டு வந்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் அந்த இரண்டு பேரை வைத்து யாராவது ஒரு படம் எடுத்தால் முதல் நாளே டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம், நாதஸ்வரம் மட்டும் முழுசாக இருக்க வேண்டுமாம்.